வெந்நீர்க் குளத்து ஈ

வலது தோள்பட்டைக்குள் சூடான ஆணியை வைத்து யாரோ திருகுவதுபோல இருந்தது. வெல்டர் கேன்டீன் வாசலில் நின்று, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி கையைத் தூக்கினார். முழங்கையை மடக்கிக் காதுப் பக்கமாகப் பின்னால் கொண்டுபோனார். ஒரு நொடி நிறுத்தினார். மெதுவாக முன்னால் விட்டார். மறுபடி பின்னால், ஒரு நொடி, முன்னால்.

பத்தொன்பது வருடமாக டேங்கர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே வெல்டிங் அடித்த தோள் அது. "இன்னும் ஒரு வருஷம் இதே வேலை பார்த்தீங்கன்னா, தலை சீவிவிட ஆள் வைக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் ஃபோர்மேன் ஓய்வு பெறுகிறார். ஃபோர்மேன் தூக்குவது பேனா மட்டும். அந்தப் பேனா கைக்கு வந்தால் தோள் பிழைக்கும். இல்லாவிட்டால் தோள் போச்சு.

"அட! நீங்களுமா?"

வெல்டர் திரும்பினார். புது மேனேஜர். வந்து இரண்டு மாதம்தான். கையில் டீயோடு, வெல்டரின் தோளையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஈத்தூண்டில்தானே? அந்த வீச்சைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. பின்னால, நிறுத்து, முன்னால! அச்சு அசல் புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே பண்றீங்க."

வெல்டருக்கு ஈத்தூண்டில் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் பத்தொன்பது வருடத்தில் எந்த மேனேஜரிடமும் அவர் 'இல்லை' என்று சொன்னது கிடையாது. வாய் தானாகவே, "ஆமா சார்" என்றது.

"எங்கே போடுவீங்க?"

"பின்னாடி... குளத்துல."

"வெந்நீர்க் குளத்துலயா! எனக்குத் தோணவே இல்லையே! சாமானெல்லாம் வாங்கி ஒரு வருஷம் ஆகுது. சொல்லித்தர ஆள் இல்லை. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி. சரியா?"

"சரி சார்."

பக்கத்துக் காகித ஆலை இயந்திரங்களைக் குளிரவைத்த தண்ணீரை அந்தக் குளத்தில்தான் விடும். எந்தக் காலத்திலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அதில் கெண்டை கொழித்துக் கிடக்கிறது என்று சொல்வார்கள். வெல்டர் அந்தப் பக்கம் ஒதுங்கியதுகூட இல்லை.

"தண்ணியில இறங்கினா முழங்காலுக்கு மேல தாண்டமாட்டீங்க. நீங்க மீன் பிடிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி, தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே.

"மேனேஜர் பக்கத்துல ரெண்டு மணி நேரம் தனியா இருக்கலாம். நைசா ஃபோர்மேன் பேச்சை எடுத்துடலாம்."

அதில் நியாயம் இருந்ததால் அவள் தன் தம்பிக்கு ஆள் அனுப்பினாள். பழைய சாமான் கடை வைத்திருந்த தம்பி, மறுநாளே ஒரு நீளக் கோலோடும் செல்போனில் ஒரு வீடியோவோடும் வந்து சேர்ந்தான்.

"மாமா, இதுல புழுவே கிடையாது. ஈதான். அதுவும் நிஜ ஈ இல்லை. இறகையும் நூலையும் வச்சுக் கொக்கியில நாமளே கட்டணும். மீன் அதை நிஜம்னு நம்பணும்."

"மீனை ஏமாத்தணுமா?"

"அவ்வளவுதான்."

"அப்போ நடக்காதுடா" என்றாள் அக்கா. "இவரால என்னையே ஒரு தடவை ஏமாத்த முடிஞ்சதில்லை."

ஈ கட்டுவது வெல்டருக்குச் சிரமமாக இல்லை. ஜன்னலில் கிடந்த புறா இறகு ஒன்றை எடுத்தார். மனைவியின் சிவப்பு ஸ்வெட்டர் கையில் பிரிந்து தொங்கிய நூலில் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில், இந்த உலகத்தில் எந்தப் பூச்சிக்கும் சொந்தமில்லாத ஒரு பூச்சி அவர் விரல் நுனியில் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

வீச்சுதான் வரவில்லை. மொட்டை மாடியில் முதல் வீச்சு பின்னால் போய் அடுத்த வீட்டுப் படுக்கை விரிப்பைக் கவ்வியது. பதறி முன்னால் இழுத்தார். விரிப்பு கொடியோடு சுவர் தாண்டி வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போன மனைவி முக்கால் மணி நேரம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அதனால் பயிற்சி வீட்டுக்குள் வந்தது. கொக்கியைக் கழற்றிவிட்டு வெறும் நூலை வீசினார். நூல் அலமாரியைச் சுற்றிவந்து நாலு கப்பைக் கீழே தள்ளியது.

"போதும்!" என்றாள் மனைவி. "ஏன் சுத்தியலால அடிக்கிற மாதிரி வீசறீங்க? அந்த மேனேஜர் எதைப் பார்த்து மயங்கினாரு? டாக்டர் சொன்ன பயிற்சியைத்தானே? அதையே செய்ங்க. வெல்டர் கையை மறந்துடுங்க. நோயாளிக் கையை வச்சு வீசுங்க."

வெல்டர் கண்ணை மூடினார். காதுப் பக்கமாகப் பின்னால். ஒரு நொடி. முன்னால். நூல் எதையும் தொடாமல் கூடத்தைக் கடந்து, சமையலறை வாசற்படியில் சத்தமே இல்லாமல் படுத்தது.

மனைவி மிச்சமிருந்த கப்புகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை குளத்தின்மேல் ஆவி பரவியிருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. ஆலைக் குழாயிலிருந்து விழும் தண்ணீர் எங்கோ தூரத்தில் பேசிக்கொண்டிருப்பதுபோலக் கேட்டது. மேனேஜர் பதினாறு பை வைத்த கோட்டு போட்டு வந்து, முதல் வீச்சிலேயே ஈயைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டார்.

"நோயாளிக் கை சார்" என்றார் வெல்டர். "பலமே கூடாது. பின்னால போன நூல் நேராகிற வரைக்கும் அதுக்கு டைம் கொடுங்க."

சொன்னது தான்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மேனேஜர் செய்தார். பச்சை நூல் ஆவிக்குள் போய், சுருள் பிரிந்து, தண்ணீரில் இறங்கியது. அதன் நுனியில் சிவப்பு ஈ மிதந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து ஓர் உதடு வந்து அதை முத்தமிட்டது.

உள்ளங்கை அளவு கெண்டை. மேனேஜர் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போலக் குதித்தார். அப்புறம் கொக்கியைக் கழற்றி மீனைத் தண்ணீரிலேயே விட்டார்.

"விட்டுட்டீங்களே சார்?"

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

கஷ்டப்பட்டுப் பிடித்ததை விட்டுவிடுகிற ஆளை வெல்டர் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். "கேட்டீங்களா?"

"கேட்கலை."

"ஏன்?"

"தும்பி ஒண்ணு வந்து கோல் நுனியில உட்கார்ந்துச்சு."

"தும்பி உட்கார்ந்தா வாய் பேசாதா?"

பேசாதுதான். பத்தொன்பது வருடமாகக் கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்து உழைத்த கண் அது. குளத்தில் வெளிச்சம் எதன்மேலும் விழாமல் சும்மா மிதந்துகொண்டிருந்தது. நூல் காற்றில் இருக்கும் அந்த ஒரு நொடியில் தோள் இருப்பதே மறந்துபோனது. ஃபோர்மேன் பேச்சு தொண்டைவரை வந்து, அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

இரண்டாவது ஞாயிறு, அந்த மயக்கத்திலேயே வெல்டர் வீசிய ஈ மேனேஜரின் காது மடலில் ஏறிவிட்டது.

"அசையாதீங்க சார்."

பையில் எப்போதும் இருக்கும் கட்டிங் பிளேயரை எடுத்தார். கொக்கி முனையை மடலுக்கு அந்தப் பக்கம் தள்ளி, முள்ளை நறுக்கி, வந்த வழியே உருவினார். ஒரே ஒரு சொட்டு ரத்தம்.

"வலிக்கவே இல்லையே!" என்றார் மேனேஜர். "உங்களை மாதிரி ஒரு ஆளு கிடைக்கமாட்டாருங்க."

இதுதான் நேரம். வெல்டர் வாயைத் திறந்தார். அப்போது பார்த்து ஆவி விலகி, குளம் முழுக்க வட்டம் வட்டமாகக் கெண்டைகள் மேலே வந்து மூச்சு விட்டன. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"காது மாட்டினப்பவாவது கேட்டிருக்கலாமே!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஆள் காது உங்க கையிலதானே இருந்துச்சு?"

மூன்றாவது ஞாயிறுதான் கடைசி. திங்கட்கிழமை பெயரை அறிவிக்கப் போகிறார்கள். மீன்கள் சிவப்பு நூலைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்காததால், மனைவியின் ஸ்வெட்டர் கை அதற்குள் முழங்கைவரை ஏறியிருந்தது. அவள் அந்தக் கையை ஆட்டியே சொன்னாள்: "முதல்ல கேள்வி. அப்புறம் தூண்டில். கேட்காம வந்தீங்கன்னா தைலத்தை நீங்களே தேய்ச்சுக்கணும்."

வெல்டர் குளத்தைப் பார்க்கவே இல்லை. மேனேஜரின் செருப்பைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"சார், அந்த ஃபோர்மேன் வேலை விஷயமா..."

"மீன்!" என்று கத்தினார் மேனேஜர்.

கோல் வில்லாக வளைந்தது. தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு முதுகு வந்தது. தவிட்டு நிறத்தில், நாணய அளவுச் செதிலோடு, ஒரு மூட்டை மாதிரியான முதுகு. இருபது நிமிடம் அது குளத்தை இழுத்துக்கொண்டு அலைந்தது. மேனேஜருக்குக் கண்ணில் நீர் வந்தது. கடைசியில் அது களைத்துக் கரையோரம் சாய்ந்தபோது, உதவி செய்து நல்ல பேர் வாங்கலாம் என்று வெல்டர் தண்ணீரில் குதித்தார். குதித்தவர் நூலின்மேலேயே காலை வைத்தார்.

டப்பென்று ஒரு சத்தம்.

முதுகு மெல்லத் திரும்பி, அவசரமே இல்லாமல், வெதுவெதுப்பான இருட்டுக்குள் இறங்கிப் போனது. இடுப்பளவு தண்ணீரில் வெல்டர் நின்றார். மேனேஜர் கோலைப் பார்த்தார். வெல்டரைப் பார்த்தார். சாமான்களை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை பலகையில் கிரைண்டர்காரர் பெயர் இருந்தது. மேனேஜர் எதிரே வந்தால் தூணுக்குப் பின்னால் ஒளிகிற ஆள் அவர். தூணுக்குப் பின்னால் நின்றே ஃபோர்மேன் ஆகிவிட்டார்.

வெல்டர் டேங்கருக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தார். கையைத் தூக்கினார். ஆணி பழைய இடத்திலேயே திருகியது. 'ஒரு காலைத் தள்ளி வச்சிருந்தா' என்று நினைத்துக்கொண்டார். 'ஒரே ஒரு காலை.'

பக்கத்தில் இரண்டு பளபளப்பான ஷூக்கள் வந்து நின்றன. மேனேஜரின் டிரைவர் குனிந்து பார்த்தார்.

"என்னண்ணே, இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுப் படுத்திருக்கீங்க?"

"அந்த மீனை நான் விட்டிருக்கக் கூடாது, தம்பி. அதனாலதான் வேலை போச்சு."

டிரைவர் சிரித்தார்.

"மீனாலயா? அட நீங்க வேற! உங்க பேரைத்தான் அண்ணே சார் முதல்ல எழுதினாரு. ஃபோர்மேன்னா ஞாயித்துக்கிழமையும் ஷெட்டுக்கு வரணும்னு கிளார்க் சொன்னாரு பாருங்க, உடனே சாரே அதை அடிச்சுட்டாரு. நேர்ல சொல்லக் கூச்சமா இருக்காம், அதான் என்னை அனுப்பினாரு. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குக் குளத்துக்கு வந்துடணுமாம். நீங்க அவருக்கு ஒரு மீன் பாக்கியாம்."