தெம்பூட்டும் அண்ணன்

தெம்பூட்டிகள் என்றோர் இனம் உண்டு. கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு போடமாட்டார்கள். விளிம்பில் நின்றுகொண்டு, நீந்துவது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று எடுத்துச் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் அவர்களுக்கே புல்லரிக்கும்.

குளியலறைக் குழாய்க் கடை வைத்திருந்த ஒருவர் இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய தங்கை ஓர் ஆஸ்பத்திரியில் இருபது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். நாற்பத்து மூன்று வயதில் வேலையை விட்டுவிட்டு, சட்டம் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும், ஆசிரியை வந்துவிட்டதாக நினைத்து முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அன்று அவளும் சேர்ந்து சிரித்தாள். இரண்டாம் மாதம் சிரிப்பு நின்றுபோனது. நாளெல்லாம் பேசியே சம்பளம் வாங்கியவளுக்கு வகுப்பில் பெயரைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். நூலகத்தில் ஒரே பக்கத்தை மத்தியானம்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புவாள். தலை வாருவது மலையைப் புரட்டுகிற வேலையாகிவிட்டது. பிறகு படுக்கையைவிட்டு எழுவதும்.

அவளுடைய மகள் பயந்துபோய் மாமாவுக்குப் போன் செய்தாள். பாவம், சின்னப் பெண்; அவளுக்கென்ன தெரியும்?

அண்ணன் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மனச்சோர்வா? அதெல்லாம் வேலவெட்டி இல்லாதவங்களுக்கு வர்றதும்மா. எங்கிட்ட குழாய் வாங்குற ஒருத்தரு எழுபது வயசுல டாக்டர் பட்டம் வாங்கினாரு. அவருக்கு ஒரு கண்ணு வேற தெரியாது."

"எனக்குத் தூக்கமே வரலண்ணே."

"படிக்கிறவங்களுக்கு எதுக்கும்மா தூக்கம்?"

தங்கைக்கு இன்னும் என்னென்னவோ சொல்ல இருந்தது. தெம்பூட்டி என்றைக்குக் காது கொடுத்திருக்கிறார்? அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி, "என்னால் முடியும்" என்று மூன்று தடவை சொல்லவைத்தார். மூத்தவர் சொல்லாயிற்றே, சொன்னாள். "லைனில் காத்திருங்கள்" என்று முகம் தெரியாதவர்களிடம் சொல்லிப் பழகிய அதே குரலில் சொன்னாள். அண்ணனுக்குப் பரம திருப்தி. காபியைக் குடித்துவிட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய நடையில் படியிறங்கினார்.

மறுநாள் காலை அவள் படிப்பை நிறுத்தும் விண்ணப்பத்தை எழுதி எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனாள். கவுன்டரில் இருந்த பெண் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு வாரப்படாத தலையைப் பார்த்தாள்.

"படிப்பு பிடிக்கலையா, இல்ல எந்திரிக்கவே முடியலையா?"

இரண்டு மாதத்தில் பதிலை எதிர்பார்த்து அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

"எந்திரிக்க முடியல" என்றாள். அழுகை வந்துவிட்டது.

"இது இங்கயே இருக்கட்டும். வேலைய விட்டுட்டு வந்து சேர்றவங்க நிறைய பேரு இந்த மாசத்துல இப்படித்தான் வந்து நிக்கிறாங்க. மாடியில டாக்டரம்மா இருக்காங்க. வாங்க, நானும் வர்றேன்."

டாக்டரம்மா ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுத்தார், வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார், பாடங்களை இரண்டாகக் குறைக்கக் கடிதமும் எழுதித் தந்தார். ஒரே நாளில் விடியவில்லை. நடுவில் ஒரு வாரம் மறுபடி படுத்துக்கொண்டாள். ஆனால் நான்காவது மாதம் ஒருநாள், பேராசிரியர் கேட்ட கேள்விக்குக் கை தூக்கினாள். பதில் தப்பு. இருந்தாலும் மத்தியானம் பசித்துச் சாப்பிட்டாள்.

அடுத்த தடவை சொந்தக்காரர்கள் கூடியபோது அண்ணன் நடுநாயகமாக உட்கார்ந்து விவரித்துக்கொண்டிருந்தார். "ஒரு வார்த்ததான் சொன்னேன். எந்திரிச்சு உக்காந்துட்டா."

"இல்லண்ணே, டாக்டர்கிட்ட போனேன். மாத்திரை சாப்பிடுறேன்" என்றாள் தங்கை.

அண்ணன் அசரவில்லை. "அதையும் தெம்போட சாப்பிடணும்ல?"

இவர்களைத் திருத்த முடியாது, விட்டுவிடுவோம். உங்களிடம்தான் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, சோர்ந்து கிடக்கிற யாரோ ஒருவரின் முகம் உங்களுக்கு நினைவு வந்திருக்கும். அவரிடம் போய் என்ன சொல்லலாம் என்று, இதற்குள் ஒரு நல்ல வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டீர்கள், இல்லையா?