மார்வுட்டர் படித்த பள்ளிக்கூடம்

தெரியாத ஆங்கிலச் சொற்களால் எனக்கு ஒருநாளும் பெரிய கேடு வந்ததில்லை. தெரியாவிட்டால் யாரிடமாவது கேட்பேன், அல்லது தலையை ஆட்டிவிட்டு இடத்தைக் காலி செய்வேன். என்னைக் கவிழ்த்தவை எல்லாம் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்த சொற்கள்தான். அவற்றில் ஒன்று எண்பதுகளின் கடைசியில், லண்டனில் செவன் கிங்ஸ் பகுதியில் ஒரு சிறு மண்டபத்தில், ஊரே பார்த்திருக்க என்னைக் கவிழ்த்தது. ஒரு கேக்கும் சேர்ந்து கவிழ்ந்தது.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் வழியில்தான். கொழும்பில் சாக்குக் கடை, பெர்லினில் இரவில் படுத்த ரயில் நிலைய வாங்கு, பாரிஸில் பெரிய உணவகம் ஒன்றின் கழுவுதொட்டி. லண்டனுக்கு வந்து அப்டன் பார்க்கில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை கிடைத்தபோது, கூரையும் கதவும் உள்ள இடத்தில் நின்று வேலை செய்வதே பெரிய உத்தியோகம்போல் இருந்தது.

தங்கியது செவன் கிங்ஸில் சிவபாதம் அண்ணை வீட்டு மேல் அறையில். அண்ணை ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரயிலுக்கு அடுத்தபடியாக அவர் உயிரை வைத்திருந்தது ரெஜினால்ட் மார்வுட் என்ற ஆங்கில நடிகரில். கறுப்பு வெள்ளைப் படங்களில் குதிரையில் வந்து, கத்திச் சண்டை பிடித்து, கடைசியில் தொப்பியைக் கழற்றி வணங்குவாரே, அவர்தான். அறுபதுகளில் யாழ்ப்பாணத் தியேட்டர்களில் ஞாயிறு காலைக் காட்சி அவருடையது. மரியாதை கூடி நாங்கள் அவரை மார்வுட்டர் என்றுதான் சொல்வோம்.

செவன் கிங்ஸில் மார்வுட்டருக்கு ரசிகர் மன்றம் ஒன்று இருந்தது. தலைவர் அண்ணை. செயலாளர் குணசேகரன், மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே கணக்காளராகிவிட்டவர். மற்றவர்கள் வடைக்கு வருபவர்கள். (நானும் தொடக்கத்தில் அந்தப் பிரிவுதான்.) மாதம் ஒருமுறை அண்ணை வீட்டில் வீடியோவில் படம் பார்ப்போம். அண்ணையின் மனைவியின் தங்கை வசந்தி தேநீர் கொண்டுவருவாள். அப்டன் பார்க்கில் ஒரு பேக்கரியில் அவளுக்கு வேலை. ஐசிங் கேக் போடுவதில் கெட்டிக்காரி. அவளைக் கட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்கும் விருப்பம் இருந்ததை, என் கோப்பைக்கு மட்டும் சீனி கூடுவதை வைத்துக் கண்டுபிடித்திருந்தேன்.

தடை அண்ணைதான். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீர் எதுவரை படிச்சனீர்?" என்று கேட்டார்.

"எட்டு, அண்ணை."

"ம்," என்றார். அந்த "ம்" ஒரு சிவப்பு சிக்னல். ரயில் அதோடு நின்றது.

மன்றத்துக்கு ஒரு தீராத கவலை இருந்தது. மார்வுட்டர் கென்ட் பக்கம் ஒரு கடலோரச் சிற்றூரில் பிறந்தவர் என்பது தெரியும். நாடகத்தில் சேர்ந்தது தெரியும். நடுவில் பதினொரு வயதிலிருந்து எங்கே படித்தார் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. சினிமாக் கம்பெனி வெளியிட்ட குறிப்புகளில் "தனி ஆசிரியரிடம் கல்வி" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அண்ணைக்கு அது போதவில்லை. இவ்வளவு அழகாகக் குனிந்து வணங்கும் மனிதன் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பெரிய விடுதிப் பள்ளிக்கூடங்களில் ஒன்றுதான் என்பது குணசேகரன் கட்சி. எல்லாவற்றுக்கும் எழுதிக் கேட்டார். அப்படி ஒரு பிள்ளை எங்களிடம் படிக்கவில்லை என்று அவர்களும் மரியாதையாகப் பதில் போட்டார்கள்.

மறைந்த மார்வுட்டரின் பிறந்தநாள் விழாவுக்கு அவருடைய தங்கை மிஸ் டொரோத்தி வரச் சம்மதித்திருந்தார். குரோய்டனில் தனியாக இருக்கும் மூதாட்டி. (குரோய்டனில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எனக்குத் தெரிந்த குரோய்டன், விசா அலுவலகக் கட்டடமும் அதன் வாசல் வரிசையும்தான்.) தங்கையிடமே கேட்டால் என்ன என்று ஒருவர் சொன்னதற்கு அண்ணை முறைத்தார். அவர் முன்னால் பள்ளிக்கூடத்தின் பெயரை நாங்களே சொல்லி அசத்த வேண்டுமாம். மார்வுட்டர் பிறந்த ஊருக்கு நேரே போய் விசாரிக்க ஆள் வேண்டும் என்றார். வசந்தி தேநீர்த் தட்டோடு நின்றாள். என் கை தானாக உயர்ந்தது.

புது ஊரில் எதையாவது அறிய வேண்டுமென்றால் சலூனுக்குப் போக வேண்டும் என்பது நான் எல்லா நாட்டிலும் கண்ட உண்மை. அந்தக் கடலோர ஊரில் ஒரு கிழட்டு முடிதிருத்துபவர் இருந்தார். தலையைக் கொடுத்துவிட்டு மார்வுட்டரைப் பற்றிக் கேட்டேன். கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு கோயிலில் கதைப்பதுபோல் குரலைத் தாழ்த்தி, "அப்ரூவ்ட் ஸ்கூல். மலைக்கு மேலே," என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. (இருந்த கொஞ்ச மயிரிலும்.)

அந்தக் காலத்தில் எங்கள் அறைகளில் ஆங்கில மொழியின் மிக இனிய சொல் "அப்ரூவ்ட்" என்பதுதான். அகதி மனுக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். தெருவில் கண்டால் சுகம் கேட்பதற்கு முன்பு, "அப்ரூவ்ட் ஆயிட்டுதோ?" என்றுதான் கேட்போம். ஒருவனுக்கு ஆகிவிட்டால் அந்த வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. எனக்கு இன்னும் ஆகவில்லை. ஊரிலும் டைப்பிங் வகுப்பிலிருந்து டியூஷன் கொடுக்கும் டியூட்டரி வரைக்கும், அரசாங்கம் அங்கீகரித்தது என்று பலகை மாட்டினால்தான் பிள்ளைகள் சேருவார்கள். அப்படியிருக்க, பெயரிலேயே "அப்ரூவ்ட்" உள்ள பள்ளிக்கூடம் என்றால் அது எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும்!

மலைக்கு மேலே ஏறிப் பார்த்தேன். கட்டடம் பூட்டிக் கிடந்தது. ஆனால் என்ன மதில்! எங்கள் ஊர்ப் பெரிய கல்லூரிக்குக்கூட அப்படி ஒரு மதில் இல்லை. மேலே கண்ணாடித் துண்டு வேறு பதித்திருந்தார்கள், வெளியாட்கள் ஏறி உள்ளே வந்து படித்துவிடாமல் இருக்க. மாடி ஜன்னல்களுக்கெல்லாம் தடித்த இரும்புக் கம்பி. பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதென்று எவ்வளவு கவனம் என்று நினைத்தேன்.

அண்ணையிடம் சொன்னபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அப்ரூவ்ட்," என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "குணசேகரனுக்கு இப்ப மூச்சு விடாதேயும். விழாவிலை அவரின்ரை முகத்தைப் பாக்கவேணும்." குணசேகரனுக்குச் சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் அண்ணை முதல்முறையாக என் தோளில் கை வைத்திருந்தார். அந்தக் கை இருக்கும் வரைக்கும் நான் கடவுளுக்குக்கூட மூச்சு விட்டிருக்க மாட்டேன்.

வசந்தியிடம் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது, கேக் அவள் பொறுப்பு என்பதால். பள்ளிக்கூட வடிவத்திலேயே செய்வோம் என்றாள். நான் விவரம் சொல்லச் சொல்ல அவள் கட்டினாள். பட்டர் கேக்கில் மாடிக் கட்டடம். பிஸ்கட்டில் மதில். மதிலின் மேல் உடைத்த சீனிப்பாகு மிட்டாய், கண்ணாடித் துண்டுக்குப் பதிலாக. ஜன்னல்களுக்கு சாக்லேட் கம்பி. முன்புறம் நீல ஐசிங்கில் ஆங்கிலத்தில், "எங்கள் அப்ரூவ்ட் ஸ்கூல் பையன்."

விழாவன்று மண்டபம் நிரம்பியது. மிஸ் டொரோத்தி சாம்பல் நிறத் தொப்பியோடு முன் வரிசையில் இருந்தார். கேக்கை மேசையில் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். வடைத் தட்டு ஒரு சுற்று போனபின் அண்ணை என்னை மேடைக்கு அழைத்தார். பாடமாக்கி வைத்திருந்த ஆங்கிலத்தில் தொடங்கினேன். மார்வுட்டரின் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றேன். கைதட்டல். அது ஓர் அப்ரூவ்ட் ஸ்கூல் என்றேன். எங்கள் ஆட்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். வசந்தி துணியை எடுத்தாள்.

குணசேகரன் வடையை வாயில் வைத்தபடி சிலையாக நின்றதைப் பார்த்தேன். தோல்வியின் முகம் என்று நினைத்துக்கொண்டேன். உற்சாகம் தலைக்கேற, பாடமாக்காததையும் பேசினேன். எல்லோருக்கும் இது கிடைப்பதில்லை என்றேன். இந்த மண்டபத்தில் பாதிப்பேர் வருடக்கணக்காகக் காத்திருக்கிறோம், எனக்கே இன்னும் கிடைக்கவில்லை, மார்வுட்டருக்கோ பதினொரு வயதிலேயே கிடைத்துவிட்டது என்றேன். எங்கள் பிள்ளைகளும் ஒருநாள் அங்கே போக வேண்டும் என்று ஆசைப்படுவதாகச் சொன்னேன்.

அதற்குள் குணசேகரன் மேடைக்குப் பின்னால் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "டேய் தம்பி, போதும்லா, நிறுத்து. அது பசங்கள அடைச்சு வைக்கிற எடம். களவு கிளவு பண்ற பையன்கள கோர்ட்டு அனுப்புற எடம்லா."

உலகம் கொஞ்சம் சாய்ந்தது. சமாளிக்கலாம் என்று நினைத்து, "அரசாங்கம் அப்ரூவ் பண்ணியது," என்று ஆங்கிலத்தில் ஒருமுறை சத்தமாகச் சொன்னேன். (இன்றுவரைக்கும் ஏன் சொன்னேன் என்று தெரியாது.) பின்வாங்கியதில் என் முழங்கை பட்டு கேக்கின் கிழக்குச் சுவர் விழுந்தது.

மிஸ் டொரோத்தி எழுந்து மேசைக்கு வந்தார். கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நீல எழுத்தை வாசித்தார். ஜன்னல்களைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தேன். கடைசிப் பெட்டி தடம் புரண்ட ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் அது. வசந்தி இனி எனக்கில்லை என்று எனக்கு அந்தக் கணத்தில் முடிவாகத் தெரிந்தது.

"யார் சொன்னது?" என்று மூதாட்டி கேட்டார்.

முடிதிருத்துபவர் என்றேன்.

"அவன் இன்னும் சாகவில்லையா?" என்றார். பிறகு பிஸ்கட் மதிலை ஒரு விரலால் தொட்டார். "மதில் இதைவிட உயரம்," என்றார்.

அப்படியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். ஊரில் பால்காரனின் குதிரை ஒன்று இருந்ததாம். வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் வண்டி இழுத்த அந்தக் குதிரை கடலில் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. அது அவருடைய அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. வண்டியைத் தெருவிலே பால் போத்தல்களோடு விட்டுவிட்டுக் குதிரையை அவிழ்த்து ஏறிக் கடற்கரைக்குப் போய்விட்டான். முதல் தடவை எச்சரித்து விட்டார்கள். அவன் மறுபடியும் போனான். நீதிவானுக்குக் குதிரையின் மனது புரியவில்லை. தாயும் தானும் ஞாயிறுகளில் அந்த மதிலுக்குள் போய்ப் பார்த்து வந்ததைச் சொன்னார். பதின்மூன்று வயதில் அந்தப் பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தபின் அவன் படிக்கவேயில்லை. தனி ஆசிரியர் எல்லாம் சினிமாக் கம்பெனியின் கற்பனை. குடும்பமும் அதையே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பள்ளிக்கூடத்துக்காக எங்களை வாழ்த்திய முதல் ஆள் நீங்கள்தான்," என்றார். சிரித்தாரா, அழுதாரா என்று சரியாகச் சொல்ல முடியாது. தொப்பி குலுங்கியது.

திட்டப்படி படத்தைப் போட்டோம். மார்வுட்டர் வெள்ளைக் குதிரையில் கடற்கரையோரம் வந்து, எதிரிகள் துரத்த, அலைக்குள் இறங்குகிற காட்சி. மன்றத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான காட்சி. அன்றைக்கு ஒருவரும் எதிரிகளைப் பார்க்கவில்லை. குதிரையின் காலைத்தான் பார்த்தோம்.

போகும்போது மிஸ் டொரோத்தி கேக்கில் ஒரு துண்டு கேட்டார். எந்தப் பக்கம் வேண்டும் என்று வசந்தி கேட்க, மதில் பக்கம் என்றார்.

பாத்திரங்களோடு நாங்கள் மூவரும் பஸ்ஸில் வீடு திரும்பினோம். அண்ணை பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். வசந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். தோள் குலுங்கியதால் அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டப் பார்த்தால் வாயில் சேலைத் தலைப்பு, அடக்க முடியாத சிரிப்பு. இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணை செருமினார்.

"அப்ப மார்வுட்டரும் எட்டாம் வகுப்புத்தான் போலை," என்றார்.

"ஓம், அண்ணை."

"ம்," என்றார்.

இந்த "ம்" வேறு. வசந்தி சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்து அண்ணையைப் பார்த்தாள். "அத்தான், சிக்னல் பச்சையோ?" என்று கேட்டாள்.

பச்சைதான். அடுத்த வருடம் கலியாணம். கேக்கை அவளே செய்தாள். மணமகன் பெயருக்குக் கீழே நீல ஐசிங்கில் "அப்ரூவ்ட்" என்று எழுதியிருந்தாள். குணசேகரன் அதைப் பார்த்துவிட்டு இந்த முறை வடையை முழுதாக விழுங்கிவிட்டுத்தான் சிரித்தார். மனுவுக்கு முடிவு வந்த நாளில் நான் அழுதுகொண்டே, "அப்ரூவ்ட் ஆயிட்டுதப்பா," என்று கத்த, அவள் சமையலறையிலிருந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எத்தினை வருசத்துக்கு உள்ளை போடுறாங்கள்?"

எங்கள் வீட்டில் யாராவது பெருமையாக எதையாவது சொன்னால் உடனே, "மதில் எவ்வளவு உயரம்?" என்று ஒரு கேள்வி வரும். மகள் சோதனை பாஸாகி நல்ல பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்த முதல் நாள், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"அப்பா, ப்ளீஸ். டீச்சர் நிக்கிறா. ஒண்டும் கேக்காதேங்கோ."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே மதிலே இல்லை, சும்மா ஒரு வேலிதான். வீட்டுக்கு வந்து வசந்தியிடம் சொன்னேன், பள்ளிக்கூடம் அவ்வளவு சரியில்லை என்று.