கம்போ வேக்கியோவில் ஆள் இல்லை

ஒர்னெல்லா கேட்டைப் பிடித்து மறுபடியும் உலுக்கினாள். பூட்டு ஆடிக் காட்டியதே தவிர, திறக்கிற வழியாக இல்லை.

அவளுக்குப் பின்னால், பஸ்ஸிலிருந்து இறங்கிய இருபத்துச் சொச்சம் பேர் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றார்கள். எல்லோரும் ரொக்கா ஸ்பினா என்ற மலையூர்க்காரர்கள். கணவன், மனைவி, மச்சான், மச்சினி என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்திருந்தார்கள். கம்போ வேக்கியோவில் இருக்கும் ரோமானிய இடிபாடுகளை வழிகாட்டியோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. வழிகாட்டி ஒர்னெல்லா. அந்த வேலையில் அவளுக்கு இது முதல் நாள்.

கடைசி நாளாகவும் ஆகிவிடலாம். டிராவல்ஸ் நடத்தும் கல்வானி அம்மாள் நேற்றே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். "குழுத் தலைவர்கிட்ட நானே போன்ல கேட்பேன். திருப்தின்னு சொன்னா நாளைக்கு வா. இல்லேன்னா உங்கப்பா கடை இருக்கவே இருக்கு."

அப்பா கடை என்றால், வித்தெர்போவில் ஆணி, திருகு, தாழ்ப்பாள் விற்கிற கடை. பத்து வருஷம் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றவள், வழிகாட்டிப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று ஒரு தடவை ஜெயித்து, கடையின் நீல மேலங்கியைக் கழற்றி அப்பாவின் முன்னால் வைத்துவிட்டுக் கிளம்பினாள். "இங்கேயே மாட்டி வெக்கறேன், சாயங்காலம் வந்து போட்டுக்கோ" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காகவே இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

இப்போது இந்தப் பூட்டு. இதே மாதிரிப் பூட்டை அவளே நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறாள். நல்ல உறுதியான பூட்டு. வயிற்றெரிச்சலே அதுதான்.

"என்னம்மா, திறக்கலையா?" என்று கேட்டார் செத்திமியோ. குழுத் தலைவர் அவர்தான். பருத்த உடம்பு, மெலிந்த குரல்.

"அஞ்சு நிமிஷம் சார்."

கேட்டில் தொங்கிய பலகையில் இருந்த அலுவலக எண்ணுக்கு ஒர்னெல்லா போன் செய்தாள். பூட்டிய கேட்டுக்கு உள்ளே, பூட்டிய அறையில், மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. அடித்து அடித்து ஓய்ந்தது.

செத்திமியோ பக்கத்தில் இருந்த ஓரெஸ்தேயின் சட்டையைப் பிடித்து ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். ஓரெஸ்தே ஒல்லி, மீசைக்காரர். இருவரும் குசுகுசுவென்று எதையோ பேசிக் கைகளை விரித்துக்கொண்டார்கள். "யாரையாவது விட்டுட்டு வந்திருப்பேன்னு நெனச்சேனே...", "நான் எப்படிங்க..." என்பது மட்டும் ஒர்னெல்லாவின் காதில் விழுந்தது. புகார் தயாராகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒருவேளை இந்தச் செத்திமியோவே கல்வானி அம்மாள் அனுப்பிய ஒற்றனோ என்னவோ. கூட்டத்தோடு கூட்டமாக ஒரு ஆளை அனுப்பிச் சோதிப்பாள் அந்த அம்மாள் என்று கேள்வி.

குழுவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள ஒரே வழி, பொது எதிரி ஒருவனைக் காட்டுவது. ஒர்னெல்லா தன் மஞ்சள் குடையை உயர்த்தினாள்.

"எல்லாரும் கேளுங்க. திங்கக்கிழமைதான் லீவுன்னு பலகையில போட்டிருக்கு. இன்னிக்கு வியாழன். ஒரு காகிதம்கூட ஒட்டலை. இந்த வாட்ச்மேன்ங்க இருக்காங்களே, அவங்களுக்கு ஒரே வேலைதான். காலையில கேட்டைத் திறக்கணும், சாயங்காலம் பூட்டணும். அதுல பாதிதான் செய்வேங்கறாங்க."

ஆண்கள் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. செத்திமியோவின் மனைவி தோரா.

"இன்னும் சொல்லும்மா" என்றாள் தோரா.

உற்சாகம் கிடைத்ததும் ஒர்னெல்லா நிறுத்தவில்லை. "நாள் பூரா நாற்காலியைத் தேய்க்கறது. நடுவுல காப்பி. வீட்டுக்குப் போய் 'அப்பாடா, முதுகு உடையுது'ன்னு பொண்டாட்டிகிட்டக் காலைப் பிடிச்சு விடச் சொல்றது."

"ஆமாம்மா, ஆமாம்" என்றாள் தோரா. மற்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். செத்திமியோ மட்டும் வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்தார்.

ஆண்களுக்கு நகைச்சுவை உணர்வு போதாது என்று ஒர்னெல்லா நினைத்துக்கொண்டாள். சரி, உள்ளே போக முடியாவிட்டால் என்ன, வெளியிலிருந்தே காட்டிவிட்டால் போகிறது. கம்பி வேலியை ஒட்டி எல்லோரையும் நடத்திக்கொண்டு போனாள். அதற்கு வழி என்று ஒன்று கிடையாது. முள்ளும் சேறும்தான். ஒரு அம்மாளின் பாவாடை முள்ளில் கிழிந்தது. பக்கத்துத் தோட்டத்து நாய் கடைசிவரை கூடவே குரைத்துக்கொண்டு வந்தது.

"அதோ பாருங்க" என்று குடையை நீட்டினாள். "அந்த நீளச் சுவர் தெரியுதே, அதுதான் ரோமானியர்களோட பொதுக் குளியலறை. வெந்நீருக்குத் தனி அறை, பச்சைத் தண்ணிக்குத் தனி அறை..."

"அது டிராக்டர் ஷெட்டும்மா" என்றார் ஓரெஸ்தே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஓரெஸ்தே விழித்தார். "தகரக் கூரை போட்டிருக்கே."

பார்த்தால் தகரக் கூரைதான். ஒர்னெல்லாவுக்கு முகம் சிவந்தது. தோற்றத்தையும் அதிகாரத்தையும் பார்த்தால், இந்த மீசைக்காரர் ஓய்வுபெற்ற டிராஃபிக் போலீஸாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. கல்வானி அம்மாள்.

"எங்கே இருக்கீங்க?"

"உள்ளேதான் அம்மா. நாடக அரங்கத்துக்கிட்ட." நாக்கு அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"ரொம்ப நல்லதாப் போச்சு. அரங்கப் படிக்கட்டுல எல்லாரையும் உக்கார வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நம்ம இணையப் பக்கத்துல போடணும். இப்பவே அனுப்பு."

போனை வைத்த ஒர்னெல்லா வேலியைப் பார்த்தாள். இனி இரண்டே வழி. ஒன்று நீல மேலங்கி, இன்னொன்று இந்த வேலி.

"எல்லாரும் வாங்க. உள்ளே போறோம்."

"எப்படி?" என்றார் செத்திமியோ.

"எகிறி."

"ஐயையோ, அது குத்தம்மா. தொல்பொருள் இடம். சட்டப்படி..."

"எது சார் குத்தம்? ரெண்டாயிரம் வருஷமா மழையிலயும் வெயில்லயும் திறந்து கெடந்த ஊரு. வடக்கேயிருந்து கோத்துக்காரன் படையெடுத்து வந்தான், யாரும் கேட்டைப் பூட்டலை. கல்லைத் திருடிக்கிட்டுப் போய் வீடு கட்டினாங்க, யாரும் கேட்டைப் பூட்டலை. நான் ஒருத்தி மரியாதையா டிக்கெட் வாங்கிக் காட்டலாம்னு வந்தா பூட்டறாங்க. அந்தச் சட்டத்துக்கு நான் கட்டுப்பட மாட்டேன். வர இஷ்டமில்லாதவங்க பஸ்ல உக்காருங்க."

"நான் வரேன்" என்று தோரா பாவாடையை முடிந்துகொண்டாள். "இருபது வருஷமா இங்க அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பார்க்கணும்."

பெண்கள் எல்லோரும் அவள் பின்னால் நின்றார்கள். ஆண்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் வேலி ஆள் உயரத்துக்கு மேல். தோரா இரண்டு தடவை காலைத் தூக்கி இரண்டு தடவையும் சறுக்கினாள். மூன்றாவது தடவை கீழே விழப்போனபோது ஓரெஸ்தே பெருமூச்சு விட்டார்.

"அண்ணி, கையைக் காலை ஒடிச்சுக்காதீங்க. அந்த அத்தி மரத்துக்குப் பின்னாடி கம்பி பிரிஞ்சிருக்கும்." எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், "இருக்கலாம்னு சொன்னேன். வேலின்னா எங்கேயாவது பிரிஞ்சிருக்கும்தானே" என்றார்.

பிரிந்துதான் இருந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள். செத்திமியோவின் உடம்பு பாதியில் மாட்டிக்கொண்டது. முன்னாலிருந்து மனைவி இழுக்க, பின்னாலிருந்து ஓரெஸ்தே தள்ள, சட்டைப் பொத்தான் இரண்டைக் காவு கொடுத்துவிட்டு அவர் வந்து சேர்ந்தார்.

உள்ளே வந்தபின் ஒர்னெல்லாவைப் பிடிக்க ஆளில்லை. பயமும் கோபமும் சேர்ந்து அவள் வாயில் சொல்லாக வந்துகொண்டிருந்தன. ரொட்டி சுட்ட அடுப்பைக் காட்டினாள். மீன் சந்தையைக் காட்டினாள். வரிசையாக உட்கார்ந்து ஊர் வம்பு பேசிய பொதுக் கழிப்பறையைக் காட்டியபோது பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழுவும் தங்கமான குழு. யாராவது ஒரு கல்லின் மேல் உட்காரப் போனால் போதும், "எழுந்திரு, கையெடு" என்று ஆண்களில் யாராவது ஒருவர் அதட்டினார். இப்படிப் பொறுப்பான சுற்றுலாப் பயணிகளை ஒர்னெல்லா பாடப்புத்தகத்தில்தான் படித்திருந்தாள்.

அரங்கத்துப் படிக்கட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, கீழே மேடையில் நின்று, அந்த அரங்கம் பிறந்த கதையையும் மண்மூடிப் போன கதையையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது செத்திமியோ கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. எப்பவும் எனக்கு முதல் ரெண்டு வரிதான் காதுல விழும். அப்புறம் எல்லாரும் அந்தப் பக்கம் போயிடுவாங்க. ஒரு தடவையாவது முழுசாக் கேட்டுடணும்னு ஆசை. கேட்டுட்டேன்."

பாவம், காது மந்தம் போலிருக்கிறது என்று ஒர்னெல்லா இரக்கப்பட்டாள். போட்டோ எடுத்து அனுப்பினாள். அடுத்த நிமிஷமே கல்வானி அம்மாள் கூப்பிட்டுத் தலைவரிடம் கொடுக்கச் சொன்னாள்.

"திருப்தியாவா?" என்றார் செத்திமியோ போனில். "இந்தப் பொண்ணை விட்டுடாதீங்கம்மா. தினமும் இங்கேயே அனுப்புங்க."

ஒர்னெல்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கடை, கல்லா, மேலங்கி எல்லாம் தூரத்தில் எங்கோ போய்விட்டன. அந்தச் சந்தோஷம் ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை.

சாலையில் போன இன்னொரு பஸ்ஸுக்காரர்கள், உள்ளே ஆட்கள் நடமாடுவதைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள். அத்தி மரத்துப் பக்கம் கூட்டம் சேர்ந்தது. ஒர்னெல்லா ஓடிப்போய்ப் பார்த்தபோது ஓரெஸ்தே அந்த ஓட்டைக்கு அருகே ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "ஒவ்வொருத்தரா வாங்க. முதுகுப் பையை முன்னாடி மாட்டுங்க. ஐஸ்கிரீமோட உள்ளே விடமாட்டேன்."

"நீங்க என்ன சார் பண்றீங்க?"

"முறைன்னு ஒண்ணு வேணாமாம்மா" என்றார் ஓரெஸ்தே. டிராஃபிக் போலீஸ்தான், சந்தேகமே இல்லை.

நாய் வளர்க்கும் தோட்டக்காரன் இத்தனையையும் பார்த்துவிட்டுப் போலீஸுக்குச் சொல்லிவிட்டான். ஜீப் வந்து நின்றது. ரொக்கா ஸ்பினா நிலையத்து அதிகாரி, முழுச் சீருடையில், அதே ஓட்டை வழியாகக் குனிந்து உள்ளே வந்தார். தொப்பி கம்பியில் சிக்கியதில் ஏற்கனவே கடுப்பாக இருந்தார்.

"இந்தக் கூட்டத்துக்கு யாரு பொறுப்பு?"

குழுவின் ஆண்கள் சட்டென்று தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டார்கள். ஒர்னெல்லா குடையை உயர்த்தினாள்.

"நான்தான்."

"வேலியைத் தாண்டி வந்தது தப்புன்னு தெரியுமா? இந்த இடத்து வாட்ச்மேன்ங்க ஒரு புகார் எழுதிக் குடுத்தாப் போதும், உங்க வழிகாட்டி உரிமம் ரத்து. அப்புறம் எந்த ஜென்மத்துலயும் குடை பிடிக்க முடியாது."

ஒர்னெல்லா குடையை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"புகார் குடுக்கட்டும் சார், தாராளமாக் குடுக்கட்டும். ஆனா அதுக்கு அவங்க வேலைக்கு வந்திருக்கணுமே. காலையிலேர்ந்து கத்தறேன், ஒருத்தனைக் காணோம். நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஓடவும் மாட்டேன். அந்தச் சோம்பேறிங்க எங்கே படுத்துக்கெடக்கறாங்கன்னு தேடிப் பிடிச்சு என் முன்னாடி கொண்டு வந்து நிறுத்துங்க. என் மூஞ்சியைப் பார்த்துப் புகார் சொல்லட்டும்."

தோரா கைதட்டினாள். பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

அதிகாரி செத்திமியோவின் எதிரே போய் நின்று, குனிந்து, தொப்பிக்கு அடியில் இருந்த முகத்தைப் பார்த்தார். அடுத்து ஓரெஸ்தே. அதற்கு அடுத்தவர். அப்படியே வரிசையின் கடைசி வரைக்கும் நடந்து போய்விட்டு, ஒர்னெல்லாவிடம் திரும்பி வந்தார்.

"தேடறதுக்கு என்னம்மா இருக்கு? வாட்ச்மேன்ங்க ஆறு பேரையும் காலையில உங்க பஸ்லதானே ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க."