மூன்று கணக்கிலும் உன் பெயரை எடுத்த விவரம்

அனுமந்தன்பட்டி,
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகன் ரூபனுக்கு, அப்பா பீட்டர்ராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் பந்தலில் திராட்சையும் சுகம். டல்லாஸில் நீயும் மருமகள் இவாஞ்சலினும் பேத்தி கயல் மரியாவும் சுகமாயிருக்க தினமும் செபமாலை சொல்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் ஹலோ சொல்வதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிவிடுகிறாள். அவள் அழுது முடிப்பதற்குள் நீ தூங்கப் போய்விடுகிறாய். அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

போன மாதம் நீ கூப்பிட்டு, ஊரில் எந்தெந்தக் கணக்கில் உன் பெயர் இருக்கிறது என்று கேட்டாய். அமெரிக்கக் குடிமக்கள் யாராக இருந்தாலும், வெளிநாட்டில் அவர்கள் பெயர் சேர்ந்த கணக்குகளில் எல்லாமாக இருப்பு பத்தாயிரம் டாலரைத் தாண்டினால், வருசா வருசம் அரசாங்கத்திடம் சொல்லியாக வேண்டும், அதற்கு வரி கிடையாது, சொல்லாவிட்டால்தான் அபராதம் என்று விளக்கினாய். பத்தாம் வகுப்பு மார்க்கையே எங்களிடம் சொல்லாமல் மறைத்தவன், கேட்காமலேயே ஓர் அரசாங்கத்திடம் போய்ச் சொல்லும் அளவுக்குத் திருந்திவிட்டாயே என்று எனக்குச் சந்தோசம்தான். உன் அம்மாதான் ஒரே சொல்லில் நின்றுவிட்டாள். "வெளிநாடா? எதுங்க வெளிநாடு? நம்ம அனுமந்தன்பட்டியா?" என்று கேட்டாள். "அவுக கணக்குல அப்படித்தான்டி, வியாகுலம்" என்றேன். "பெத்து வளத்த இடம் வெளிநாடு, பொழைக்கப் போன இடம் உள்நாடா? நல்லா இருக்குய்யா நியாயம்!" என்று கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அன்றைக்குப் பருப்பு தீய்ந்ததற்கு அந்த அமெரிக்கச் சட்டம்தான் காரணம். அதற்கும் ஓர் அபராதம் இருந்தால் விசாரித்துச் சொல்.

சரி, உன் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால், எங்கேதான் இல்லை! மூத்த பிள்ளை பெயரைச் சேர்க்காமல் கணக்கு ஆரம்பிப்பது நம் பக்கத்தில் விளக்கேற்றாமல் வீடு குடி போவதைப் போல. கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கில் நீ. சின்னமனூர் பேங்கில் திராட்சைக் காசு போட்டு வைத்த டெபாசிட்டில் நீ. மூன்றாவதுதான் வினையே. நீ மாதா பவனி வரும் புதுச் சப்பரத்துக்குப் பணம் அனுப்பிய வருசம் திருவிழாக் கமிட்டியில் உனக்கு மரியாதை செய்ய நினைத்தார்கள். ஆள் அமெரிக்காவில் இருக்கும்போது மாலையை யார் கழுத்தில் போடுவது? அதனால் சப்பரக் கணக்கில் செக்குப் போடும் உரிமையை உனக்குக் கொடுத்துவிட்டார்கள். நீ விடுமுறைக்கு வந்தபோது, பந்தியில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா? காசு உன்னுடையது இல்லாவிட்டாலும், கையெழுத்து உரிமை இருந்தாலே சொல்ல வேண்டுமாமே!

இதைக் கமிட்டித் தலைவர் ஜேசுராஜிடம் சொல்லப் போனேன், பிடித்தது சனி. "என்ன மச்சான், சாமி காசுக்கு அமெரிக்காக்காரன் கணக்குக் கேக்கானா? வாணவேடிக்கைக்குச் செலவழிச்சத வேற கேப்பானோ?" என்று வியர்த்துப்போனார். உடனே கூட்டம் போட்டார்கள். பாதிப் பேர் உன் பெயரை அன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார்கள். மீதிப் பேர், "அமெரிக்கா வரைக்கும் கணக்குப் போற சப்பரம் இந்தப் பள்ளத்தாக்குல வேற எவன்கிட்ட இருக்கு? எடுக்கவே கூடாது" என்று மீசையை முறுக்கினார்கள். கடைசியில் பயந்தவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் டீயும் வடையும் என் செலவில்தான்.

நீயோ லேசாகச் சொல்லிவிட்டாய், போன வருசத்துக்கு எப்படியும் சொல்லிவிடுகிறேன், இனிமேலாவது தொந்தரவு வேண்டாம், எல்லாவற்றிலும் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. அதற்குப் பிறகு உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சங்கத்துக்குக் கூட்டிப்போனேன். செயலாளர் முத்துப்பாண்டி விண்ணப்பத்தை எடுத்து, "யக்கா, பேரை நீக்குறதுக்குக் காரணம்னு ஒண்ணு எழுதணும். என்ன எழுத?" என்றார். அவ்வளவுதான். "பேரு எடுக்கிறதுன்னா செத்தவுகளுக்கு எடுப்பாக, கட்டிக்குடுத்த புள்ளைக்கு எடுப்பாக. எம்புள்ளைக்கு ரெண்டும் இல்ல. நான் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று அங்கனயே உட்கார்ந்துவிட்டாள். உரம் வாங்க வந்தவர்கள் எல்லாம் உனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள் ஐயா! ஒருவர் என் கையைப் பிடித்து, "எப்பங்க ஆச்சு?" என்றே கேட்டுவிட்டார்.

பிறகு மருமகளைப் போனில் பிடித்தேன். இவாஞ்சலின் பொறுமைசாலி. "அத்தை, பேரு இருந்தா வருசா வருசம் இவுகதான் ஒக்காந்து எழுதணும். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா பெரிய அபராதம். பேருதான போகுது, மகன் எங்க போறாக?" என்றாள். உன் அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்குக் கஷ்டம்னா எடுத்துருங்க" என்று கையெழுத்துப் போட்டாள். காரணம் என்ற இடத்தில் முத்துப்பாண்டி 'மகன் நலன் கருதி' என்று எழுதினார். பாஸ்புக்கில் என் பெயர் மட்டும் தனியாக நின்றது எனக்கே பிடிக்கவில்லை. மறுநாள் சின்னமனூரிலும் எடுத்தாயிற்று. சப்பரக் கணக்கிலும் தீர்மானம் போட்டு எடுத்துவிட்டார்கள். இனி இந்த வெளிநாட்டில் உன் பெயரில் ஒரு காசு கிடையாது. உன் ஆடிட்டரிடம் தைரியமாகச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
பாஸ்புக்கில் ஒற்றையாளாகிவிட்ட உன் அப்பா,
அ. பீட்டர்ராஜ்

பி.கு.: இதை முடித்துப் போட்டோ எடுக்கப் போகும்போது உன் அம்மா வந்து ஒரு நல்ல செய்தி சொல்கிறாள். உன் பெயர் இருந்த இடம் மொட்டையாகத் தெரிகிறதென்று நேற்றே என்னிடம் சொல்லாமல் முத்துப்பாண்டியைப் பார்த்து, சங்கத்திலும் சின்னமனூரிலும் கயல் மரியா பெயரைச் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டாளாம். ஆதார் இல்லாவிட்டாலும், நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது விட்டுப்போன அவளுடைய அமெரிக்க பாஸ்போர்ட் நகலே போதும் என்று வாங்கிக்கொண்டார்களாம். சப்பரக் கணக்கில் மட்டும், பிள்ளை கையெழுத்துப் போடப் பழகட்டும் என்று ஜேசுராஜ் தவணை கேட்டிருக்கிறார். நீ கவலைப்படாதே. நீயாவது நேற்றுக் குடியுரிமை வாங்கினவன், உன்னைச் சந்தேகப்படுவார்கள். அவள் அங்கேயே பிறந்த பிள்ளை, அவளிடம் போய் எந்த அரசாங்கம் கணக்குக் கேட்கப்போகிறது?