நாலு எல்போ

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்று நீங்களும் நானும் பார்ப்போம். எந்த அழுத்தத்தில் வருகிறது, ஏன் அந்த அழுத்தத்தில் வருகிறது என்று ஆராய்ந்துவிட்டு, கைகழுவ மறந்து திரும்புகிறவர்கள் தனி இனம். குழாய்க்கணக்கர் என்று பேர் வைத்துக்கொள்வோம். கல்யாண வீட்டில் கைகழுவும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பவர் இவர்தான். நோணாங்குப்பத்தில் படகுக்கு நிற்கும்போதுகூட, ஊரே ஆற்றைப் பார்க்க, இவர் மட்டும் அங்கிருக்கும் குழாயின் விட்டத்தைக் கண்ணாலேயே அளந்து பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார். அந்த ஆள் இதையெல்லாம் கேட்டாரா? இல்லை.

நெல்லித்தோப்பு புருஷோத்தமன் இந்த இனத்தில் முதல் தரம். தொழிற்சாலைகளுக்குப் பைப் கணக்குப் போடுவது அவர் வேலை. அங்கே அது சோறு போடுகிறது. வீட்டில் அதையே வைத்துக்கொண்டு அவர் மனைவி மாலா என்ன செய்வாள்? பின்கட்டு பாத்ரூமில் பழைய பைப் துருவால் அடைத்து, தண்ணீர் நூல் மாதிரி வந்தது. பிரசவத்துக்கு மகள் அபி வரப்போகிறாள். அவள் வருவதற்குள் குழாயைச் சரி பண்ணச் சொல்லி மாலா கேட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த தவறு.

எல்லார் வீட்டிலும் மாடித் தொட்டியிலிருந்து பைப் வெளிச்சுவரைச் சுற்றி வரும். சுவர் திரும்பும் இடமெல்லாம் எல்போ என்கிற வளைவுத் துண்டு ஒன்று. புருஷோத்தமனுக்கு எல்போ என்றாலே ஆகாது. ஒவ்வொரு வளைவிலும் அழுத்தம் குறையுமாம். அதனால் அவர் வளைக்கவில்லை. மாடியில் முன்பக்கம் இருக்கும் தொட்டியிலிருந்து கூரையைத் துளைத்து, ஹாலுக்குள் சரிவாக இறக்கி, உள்ளறைக்கும் அடுப்படிக்கும் போகும் வழியை இடுப்புக்குச் சற்று மேலே குறுக்காக மறித்து, பாத்ரூம் சுவருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். சும்மா பைப்பும் இல்லை. எவ்வளவு பலம் தேவை என்று கணக்குப் போட்டு, அதை மூன்றால் பெருக்கி, அதற்கும் மேலே ஒரு சைஸ் தடிமனாக வாங்கிய இரும்புப் பைப்.

"நடுவூட்ல எதுக்குங்க இது?" என்றாள் மாலா.

"பீச் பக்கம் போய்ப் பாரு. பிரெஞ்சுக்காரன் எவ்ளோ நேரா தெருவு போட்டிருக்கான்? வளைவு இருக்குதா?"

"அவன் தெருவ வூட்டுக்குள்ள போடலியே."

அவர் குழாயைத் திறந்து காட்டினார். தண்ணீர் பொத்துக்கொண்டு கொட்டியது. அதன்பிறகு மாலா அடுப்படிக்கும் ஹாலுக்கும் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தாள். இடுப்புக்கு நல்லது என்றார் அவர்.

அரியாங்குப்பத்தில் மாமியார் வீட்டில் அபிக்கு வளைகாப்பு முடிந்தது. நல்ல நேரத்துக்குள் அவளைத் தாய்வீட்டில் சேர்க்க மாப்பிள்ளை வெற்றிவேலும் சம்பந்தியம்மா அஞ்சலாட்சியும் காரில் கூட்டி வந்தார்கள். மாலா ஆரத்தி எடுத்தாள். வெற்றிவேல் பெட்டியோடு பைப்புக்கு அடியில் குனிந்து உள்ளே போனான். அடுத்து அபி வந்தாள். வந்து பைப்பின் முன்னால் நின்றாள்.

குனிய வயிறு விடவில்லை. தாண்ட உயரம் விடவில்லை. கை நிறைய வளையலோடு அவள் பைப்பைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"எங்க வூட்ல நிமிந்து நடக்கலாம்மா," என்றாள் அஞ்சலாட்சி, யாரையும் பார்க்காமல்.

மாலாவுக்கு மானம் போயிற்று. புருஷனிடம் திரும்பினாள். "சுத்தி விட்டிருந்தா எத்தன எல்போ வரும்?"

"நாலு."

"அதுல எவ்ளோ பிரஷர் போவும்? கணக்குப் போட்டிருப்பீங்களே."

புருஷோத்தமன் கேட்டதற்குச் சரியான பதில் சொல்லாமல் இருக்க முடியாதவர். அதுவும் அந்த இனத்தின் குணம். "நம்ம வூட்டு லைனுக்கு... நாலு வெரல் ஒசரத் தண்ணிக்கு எவ்ளோ அழுத்தமோ அவ்ளோதான் கொறையும்."

மாலா தன் நாலு விரலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். இதற்காகவா இத்தனை நாள் குனிந்தோம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்பவே அறுங்க," என்றாள்.

அவர் ஓடிப்போய் இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு எடுத்து வந்தார். வியர்வையில் சட்டை நனைய அறுத்தார். வெற்றிவேலும் வாங்கி அறுத்தான். மூன்றால் பெருக்கிய பைப் அல்லவா? பிளேடு உடைந்தது, பைப்பில் லேசாகக் கீறல் விழுந்தது. பலக் கணக்கிலும் புருஷோத்தமன் தப்புப் பண்ணவில்லை.

நல்ல நேரம் முடியப் போகிறது என்று அஞ்சலாட்சி அபியைக் கூட்டிக்கொண்டு காருக்குத் திரும்பினாள். வெற்றிவேல் பெட்டியோடு மறுபடி குனிந்து வெளியே வந்தான். மாலா நாலு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு அவர்களோடு ஏறிவிட்டாள். மகளுக்குத் தலைப்பிரசவம், எந்த வீட்டில் நடந்தாலும் அம்மா பக்கத்தில் வேண்டும்.

உடைந்த பிளேடோடு புருஷோத்தமன் கார் ஜன்னலுக்கு வந்தார். "மாலா, வெளிய சுத்தியே உட்டுடறேன். எத்தன எல்போ வேணுமோ போட்டுக்கலாம்."

அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை. இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் இறங்கவில்லை.

சிரித்து முடித்தீர்களா? உங்கள் வீட்டுப் பைப் வெளிச்சுவரில்தான் போகிறது, தெரியும். ஆனால் நீங்கள் சரியாகப் போட்ட வேறு ஏதோ ஒரு கணக்கு நடுவீட்டில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கலாம். வீட்டிலிருப்பவர்கள் பழகிப்போய்க் குனிந்து போவதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பொங்கலுக்கு வருகிறேன் என்று சொன்ன தங்கச்சி ஏன் வரவில்லை என்று எதற்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.