பனி மண்வெட்டிக்குப் போணி

நான் பனிப்பொழிவைப் பார்த்ததே இல்லை. ஆனால் பனி அள்ளும் மண்வெட்டிகளைப் பற்றி முப்பத்தாறு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அதுவும் ஆங்கிலத்தில், கோவில்பட்டியில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து.

2008-இல் நான் ஒரு வலைத்தளம் நடத்தினேன். அமெரிக்காவில் யாராவது என் கட்டுரையைப் படித்து, அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கி, ஆன்லைன் கடையில் மண்வெட்டி வாங்கினால் எனக்குக் கமிஷன். பதினான்கு மாதங்களாக ஒருவரும் வாங்கவில்லை. (ஒட்டும் பனியைப் பற்றி நான் எழுதியதெல்லாம், மழைக்காலத்தில் செருப்பைப் பிடித்துக்கொள்ளும் கரிசல் சேற்றை நினைத்து எழுதியது. கண்டுபிடித்துவிட்டார்கள் போல.)

கட்டணம் கட்டித் தளத்தின் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்கியது. கைவிட்டால் மாமாவின் தீப்பெட்டி ஆபீசில் வேலை காத்திருந்தது. காலையில் பேச ஆரம்பித்தால் மாமா சாயங்காலம்தான் நிறுத்துவார். ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் ‘விடலாம்’ என்றும் மறுபக்கம் ‘விடக்கூடாது’ என்றும் எழுதினேன். விடலாம் பக்கத்தில் ஒன்பது காரணங்கள். விடக்கூடாது பக்கத்தில் ஒன்றுதான்: மாமா.

மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த அப்பா அந்தத் தாளைப் பார்த்துவிட்டார்.

“ஏலே, இதுக்குப் போணி யாரு பண்ணுனா?”

“யாரும் பண்ணலப்பா. அதான பிரச்சன.”

“போணியே ஆகாத கடைல எப்படிலே யாவாரம் ஓடும்? மொதக் கை ராசியான கையா இருக்கணும். தமயந்தியக் கூட்டிட்டு வாரேன்.”

தமயந்தி அக்கா கடலைமிட்டாய்க் கடைக்காரர். எங்கள் கடைவீதியில் யார் புதுக்கடை திறந்தாலும் முதல் பொருளை அவர்தான் வாங்குவார். அவர் கை பட்ட கடை நிலைக்கும் என்பது வீதியின் நம்பிக்கை. (மூடிய மூன்று கடைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.)

வெள்ளிக்கிழமை காலை அக்கா பட்டுச்சேலையில் வந்தார். அப்பா கணினித் திரையின் நான்கு மூலைகளிலும் சந்தனம் வைத்தார். அடுத்துச் சூடத்தோடு வந்த அப்பாவை வழிமறித்தேன்.

“இது மம்பட்டி மாதிரில்லா இருக்கு!” என்றார் அக்கா. “அமெரிக்காவுல இருக்க எம்மவனுக்கு மம்பட்டியாலே அனுப்பணும்?”

“அங்க பனி கொட்டும்க்கா. வாசல்ல அள்ளணும்.”

“இன்ஜினீயருக்குப் படிக்கவச்சு அனுப்புனா, அங்கன போயி அள்ளிக்கிட்டா இருக்கான்?”

மகனுக்குப் போன் போட்டார். தூக்கக் கலக்கத்தில் அவன் சொன்ன கார்டு எண்ணை நான் அடித்தேன். அக்கா கிழக்கு பார்த்து உட்கார்ந்து, வலது கையால் மவுசை அழுத்தினார். முதல் விற்பனை! அப்பா செருப்புக்கூடப் போடாமல் கடைவீதிக்கு ஓடினார்.

ஒரு வீட்டில் விசேஷம் என்றால் வீதியே தலைகாட்டுவது எங்கள் ஊர் வழக்கம். பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, உரக்கடை என்று, அமெரிக்காவில் மகனோ மருமகனோ இருந்த அண்ணாச்சிகள் எல்லோரும் வந்தார்கள். “நம்ம பயலுக்கு நாமளும் ஒண்ணு போட்டுவிடுவோம்!” மதியத்துக்குள் பதினொரு மண்வெட்டிகள். இரண்டு, பனியே பெய்யாத ஊர்களுக்குப் போயின.

நான் அந்தத் தாளைக் கிழித்தேன். தளத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். மாமாவுக்குப் போன் செய்து, “நான் இப்ப சர்வதேச யாவாரத்துல இருக்கேன் மாமா, வரமுடியாது” என்றேன்.

மூன்றாம் நாள் அந்த ஆன்லைன் கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பதினொரு பொருள்களும் என் கணினியிலிருந்தே வாங்கப்பட்டிருக்கின்றன. தளம் நடத்துபவரின் உறவினரும் நண்பர்களும் இப்படி வாங்குவது விதிக்குப் புறம்பு. என் கணக்கு மூடப்படுகிறது. நான் படிக்காமலே ‘சம்மதம்’ என்று அழுத்தியிருந்த விதிமுறைகளில் அது ஐந்தாவதாக இருந்தது.

அப்பாவிடம் விளக்கினேன்.

“தெரிஞ்சவன் வாங்கக் கூடாதா? பெறவு புதுக்கடைல மொதல்ல எவம்லே வாங்குவான்?”

 

பதினான்கு மாதங்களாக என்னால் எடுக்க முடியாத முடிவைத் தமயந்தி அக்கா ஒரே சொடுக்கில் எடுத்துக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை தீப்பெட்டி ஆபீசில் போய் நின்றேன். “வாரும், சர்வதேசம்!” என்றார் மாமா. சாயங்காலம்வரை நிறுத்தவில்லை.

அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை. அதன்பின் புரோட்டாக் கடையோ செல்போன் கடையோ, யார் கூப்பிட்டாலும் ஒரு கேள்வி கேட்ட பிறகே கை நீட்டினார். என் கல்யாணத்தில் நான் தாலியைக் கையில் எடுத்த நேரம், கெட்டிமேளத்தையும் மீறி முன்வரிசையிலிருந்து அந்தக் கேள்வி வந்தது:

“ஏலே, விதிமுறையெல்லாம் வாசிச்சிட்டியா?”

மண்டபமே சிரித்தது. குனிந்திருந்த மணப்பெண் நிமிர்ந்தாள்.

“அவிய வாசிச்சிருக்க மாட்டாவக்கா. நான் வாசிச்சிட்டேன்.”

இன்றும் எங்கள் வீட்டில் எந்தத் தாளானாலும் அவள் கடைசி வரிவரை படித்து முடித்த பிறகுதான் பேனா என் கைக்கு வருகிறது.