பளபள பாயும் பிரெஞ்சுக் கடிகாரமும்

மங்கலான பொருள் உலகத்தின் எந்த மூலையில் கிடந்தாலும் அதைக் கண்டுபிடித்துத் தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார் என்று சத்தியம் செய்து சொல்லக்கூடிய ஒரே ஒரு மனிதரை நான் அறிவேன். அவர்தான் பளபள பாய்.

திருவண்ணாமலைத் தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய பித்தளைப் பாத்திரக் கடை. கல்யாணங்களுக்கு அண்டா, குண்டான் எல்லாம் வாடகைக்கும் விடுவார். போன பாத்திரம் தேய்க்காமல் திரும்பி வந்துவிட்டால் தொலைந்தது. சம்பந்தி என்றும் பார்க்காமல் நிற்கவைத்துப் பேசுவார். வாங்கும்போது இருந்ததைவிடத் திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் ஜாஸ்தியாக மின்ன வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு துணியும், காகிதத்தில் மடித்த செங்கல் பொடியும் இருக்கும். நம்மிடம் நலம் விசாரித்து முடிப்பதற்குள் நம் சைக்கிள் மணி பளபளத்துவிடும். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஒருமுறை கண்டக்டரிடம் விசிலை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தார். விசில் அவர் கையில் இருந்ததால் இரண்டு ஸ்டாப்பில் பஸ் நிற்கவே இல்லை. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருவருடைய பெல்ட் பக்கிளை, அது அவர் இடுப்பில் இருக்கும்போதே தேய்த்தார். அவர் கூச்சத்தில் நெளிந்தாரே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை.

செங்கம் ரோட்டில் இருந்த பாய் வீட்டு மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான், வேங்கிக்காலில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. இன்னொன்றில் அறுபது வயது பிரெஞ்சுக்கார அம்மாள். காய்கறி விற்கிற அம்மாவிடம் தமிழ் கற்றவர் என்பதால் எங்கள் ஊர்ப் பேச்சை எங்களைவிட நன்றாகப் பேசுவார். தன் ஊரில் இருந்ததையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தவர், ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் கையோடு தூக்கி வந்திருந்தார். வெள்ளைச் சலவைக்கல் பீடம். அதன் மேல், வெண்கலத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசிய ஒரு பெண், வேறு வேலையே இல்லாதவள் போல கடிகாரத்தில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருப்பாள். அவருடைய தாத்தா காலத்துக்கும் முந்தையதாம்.

தொண்ணூறுகளின் நடுவில், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று அந்த அம்மாள் ஆறு மாதம் ஊருக்குப் போக வேண்டி வந்தது. கடிகாரத்தைப் பாயிடம் ஒப்படைத்தார். வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும், மற்றபடி கையே வைக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். பாய் நெஞ்சில் கை வைத்து, இது அமானிதம், நம்பி விட்டுப்போகும் பொருள், உயிரைக் கொடுத்தாவது காப்பேன் என்றார்.

காக்கவும் செய்தார். மடிப்புகளில் கறுத்துப்போயிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தால் கை அரிக்கிறது என்று துண்டு போட்டு மூடிவைத்தார். சாவி கொடுக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு துவாரத்தைத் தடவித் தடவித் தேடுவார். ஐந்து மாதம் இப்படியே ஓடியது. மனிதர் இளைத்துக்கூடப் போனார்.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று கடிதம் வந்ததும்தான் வினை வந்தது. ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவர், வாங்கிய பொருளை மங்கலாகவா திருப்பிக் கொடுப்பார்? வியாழக்கிழமை மாலை நான் ஆபீஸிலிருந்து வந்தபோது பாய் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புளிக் கரைசல், செங்கல் பொடி. பெண்ணின் வலது கன்னம், தோள், கை எல்லாம் தங்கம் போய் உள்ளே இருந்த வெண்கலம் சிவப்பாகத் தெரிந்தது. அண்டாவுக்குச் செய்வதை முலாமுக்குச் செய்துவிட்டார். சலவைக்கல்லை மட்டும் தொடவில்லை. கல் அவர் லைன் இல்லையாம்.

நான் புத்திசாலி அல்லவா, உடனே யோசனை சொன்னேன். சைன்போர்டு எழுதுகிறவரிடம் தங்கப் பெயின்ட் இருக்கும், ஒரு கை பூசிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அமானிதத்து மேல பெயின்ட் அடிச்சிக் குடுக்கச் சொல்றீங்களா சார்? அந்தம்மாவுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியும்ல?”

எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த அம்மாள் ஆட்டோவை விட்டு இறங்கிப் பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. பாய் கடிகாரத்தை மார்போடு அணைத்துத் தூக்கி வந்து, கெட்டுப்போன பக்கத்தை அவருக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

“மொதல்ல இந்தப் பக்கம் பாருங்கம்மா. நான்தான் தேய்ச்சிக் கெடுத்துட்டேன்.”

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். எனக்கு மாடிக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. அந்த அம்மாள் மெதுவாகக் கையை நீட்டி, சிவந்திருந்த கன்னத்தை உள்ளங்கையால் தடவினார்.

“எங்க அப்பா இத்தத் தொடவே வுடமாட்டாரு பாய். சின்ன வயசுல ஒரு தபா தொட்டேன்னு செமத்தியா அடிச்சாரு. அவரு போயும் பயம் போவல. இத்தினி வருஷமா தூசி மட்டும் தட்டிக்கினு இருந்தேன்” என்றவர், திரும்பவும் தடவிப் பார்த்தார். “கெட்டுத்தான் போச்சே, இனிமே இன்னா பயம்?”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். பாய் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

கடிகாரம் மாடிக்குத் திரும்பியது, சிவந்த பக்கம் வாசலைப் பார்த்தபடி. வாரா வாரம் சாவி கொடுக்க அந்த அம்மாள் பாயைத்தான் கூப்பிட்டார். பாய் சட்டையைக் கழற்றிக் கீழே மாட்டிவிட்டு, துணியும் பொடியும் இல்லாமல் பனியனோடு மாடியேறி வருவார்.

பிற்பாடு மாற்றல் மாற்றலாகப் பல ஊர்களில் இருந்துவிட்டேன். விலை உயர்ந்த பொருள் எதையாவது நம்பி ஒருவரிடம் விட்டுப் போக வேண்டியிருந்தால், அந்தக் கடிகாரத்தைப் பாழாக்கிய மனிதரின் முகம்தான் இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.